தைவானின் ஏழாம் மாதம்: சோறு போட ஆளில்லாத ஆவிகளுக்கு வைக்கும் படையல் (விவாத இழை)

1. நிலாக்கணக்கு

தைவானின் ஏழாம் மாதம் பற்றித் தமிழில் வருபவை பெரும்பாலும் "பேய் மாதம்" என்று தலைப்பிட்டு, செய்யக்கூடாதவற்றை வரிசையாகச் சொல்லி முடிந்துவிடுகின்றன. இரவில் விசில் அடிக்காதே, துணியை வெளியே காயப்போடாதே, முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, கடலில் இறங்காதே. இவையெல்லாம் அங்கே சொல்லப்படுபவைதான். ஆனாலும் அந்த மாதம் முழுக்க வீடுகளிலும் கடைகளிலும் அலுவலக வாசல்களிலும் நடக்கும் வேலை சமைப்பதும் பரிமாறுவதும். "பூ-து" என்று அதற்குப் பெயர். எல்லோரையும் கரையேற்றுவது என்று பொருள். அதன் முறையை ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதற்காக இந்த இழை.

முதலில் நாள் கணக்கு. இது நிலவு நாட்காட்டியின் ஏழாம் மாதம். ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். 2025-இல் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் ஆகஸ்ட் 23-இல்தான் தொடங்கியது. 2026-இல் ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 10 வரை. பதினைந்தாம் நாள் ஆகஸ்ட் 27.

அந்தப் பதினைந்தாம் நாளில் மூன்று கணக்குகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தாவோ மரபில் வானம், பூமி, நீர் என மூன்று அதிகாரிகள் உண்டு. முதல் மாதம் 15 வானத்து அதிகாரிக்கு, ஏழாம் மாதம் 15 பூமி அதிகாரிக்கு, பத்தாம் மாதம் 15 நீர் அதிகாரிக்கு. பூமி அதிகாரியின் வேலை குற்றம் மன்னிப்பது. பௌத்தத்தில் அதே நாள் உல்லம்பனம். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், சீனக் கதையில் மூலியன், பசிப்பேயாகப் பிறந்த தன் தாய்க்குச் சோறு ஊட்டப் போகிறார். வாயருகே போனதும் சோறு நெருப்பாகிவிடுகிறது. ஏழாம் மாதம் 15-ஆம் நாள் துறவியர் கூட்டத்துக்கு உணவளித்தால் அந்தப் பலன் அவளைச் சேரும் என்று புத்தர் வழி சொல்கிறார். மூன்றாவது ஊர் வழக்கம்: முதல் நாள் பாதாளக் கதவு திறக்கும், கடைசி நாள் மூடும்.

வீட்டில் இந்த மூன்றும் ஒரே நாளில் மூன்று படையலாக நடக்கும். காலையில் தெய்வத்துக்கு, நண்பகலில் முன்னோருக்கு, பிற்பகலில் வெளியே திரியும் ஆவிகளுக்கு. கடைசிக் கூட்டத்தை யாரும் பேய் என்று சொல்ல மாட்டார்கள். தைவானிய ஹொக்கியன் மொழியில் "ஹோ-ஹியான்-தீ", நல்ல சகோதரர்கள்.

2. ஊதுவத்தி

நல்ல சகோதரர்களுக்கான மேசையைப் பற்றி நான் எழுதுகிறேன். அதிகம் பிழை நடப்பது அங்கேதான்.

இடம்: வீட்டுக்குள் வைக்கவே கூடாது. வாசலுக்கு வெளியே, முற்றத்தில், அல்லது கடை முன்னால் நடைபாதையில். கும்பிடுபவர் வெளிப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். முன்னோர் படையலில் உள்ளே பார்த்துக் கும்பிட்டுப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே நின்றுவிடுவார்கள். வந்தவர்களை வீட்டுக்குள் அழைத்ததாக அது ஆகிவிடும் என்பார்கள்.

நேரம்: மதியம் கழித்து, இருட்டுவதற்கு முன். மூன்று மணி வாக்கில் தொடங்கினால் வசதி.

பேசின்: மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, தண்ணீர் ஊற்றிய பேசின், புதுத் துண்டு, சோப்பு, சீப்பு, சின்னக் கண்ணாடி, பிரஷ் வைக்க வேண்டும். நெடுந்தூரம் நடந்து வருபவர்கள் முகம் கழுவி, தலை சீவி, பிறகு சாப்பிட உட்காருவார்கள். இதை மறந்துவிட்டு மேசையை மட்டும் நிறைப்பவர்கள் நிறைய. மேசையைவிட இந்த முக்காலிதான் விருந்தோம்பலைக் காட்டுவது என்று எனக்குப் படுகிறது. முடிந்ததும் அந்தத் தண்ணீரை வெளியே ஊற்ற வேண்டும்.

உணவு: பன்றி, கோழி, மீன் என்ற மூன்று இறைச்சி. பெரிய தெய்வங்களுக்கு முழுதாக, பச்சையாகக்கூட வைப்பார்கள். இங்கே சமைத்தது, உடனே சாப்பிடக்கூடியது. சோறு, சில கறிகள், மூன்று கோப்பை மது, தேநீர். அதோடு எடுத்துப் போக அரிசி, உப்பு, எண்ணெய், பிஸ்கட், டின் உணவு, நூடுல்ஸ் பொட்டலம், குளிர்பானம். ஒவ்வொரு தட்டிலும், ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் ஊதுவத்தி செருக வேண்டும், அல்லது "சோங்யுவானை (பதினைந்தாம் நாளின் பெயர்) கொண்டாடுவோம்" என்று அச்சடித்த சின்ன முக்கோணக் கொடி. ஊதுவத்தி இல்லாத தட்டு பரிமாறப்படாத தட்டு. இருபது பொட்டலம் அடுக்கிவிட்டு நடுவில் ஒரே ஒரு வத்தி ஏற்றுவது கணக்கில் சேராது.

சோற்றில் சாப்பிடும் குச்சியை நட்டு வைப்பது தினசரிச் சாப்பாட்டில் தவறு என்று சொல்வதன் காரணமும் இதுவே. நட்ட குச்சி பார்வைக்கு ஊதுவத்தி. அது படையலுக்கான அடையாளம்.

மூன்று சுற்று: முதல் வத்தி அழைப்பதற்கு. அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒவ்வொரு சுற்றிலும் மது ஊற்றுவார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கடைசியில் இரண்டு நாணயங்களைத் தூக்கிப் போட்டு "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்க வேண்டும். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் ஆயிற்று. இரண்டும் ஒரே பக்கமாக விழுந்தால் பொறுத்திருந்து திரும்பக் கேட்கலாம்.

காகிதம்: இங்கேதான் கடைக்காரரே தவறாகக் கட்டிக் கொடுத்துவிடுவார். நடுவில் தகரத்தாள் ஒட்டிய தாள் இரு வகை. மஞ்சள் பூசியது தங்கம், பூசாதது வெள்ளி. தங்கம் தெய்வத்துக்கு. வெள்ளி இறந்தவர்களுக்கு, அதிலும் பெரிய வெள்ளி முன்னோருக்கு, சின்ன வெள்ளி நல்ல சகோதரர்களுக்கு. இதோடு உடை, சீப்பு, கத்தரிக்கோல் படங்கள் அச்சிட்ட மெல்லிய ஆடைத்தாள் வேண்டும்.

3. மூங்கில்கழி

ஊதுவத்தி சொன்னதற்கு எரிக்கும் விஷயத்தில் ஒரு சேர்க்கை. கட்டைப் பிரிக்காமல் அப்படியே தீயில் போட்டால் விளிம்பு கருகி நடு வெள்ளையாகவே நின்றுவிடும். ஒவ்வொரு தாளையும் லேசாக மடித்து, காற்றுப் புகும்படி உதிர்த்துப் போட வேண்டும். குச்சியால் கிளறினால் பணம் கிழிந்து போய்ச் சேரும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். ஆகவே தொடக்கத்திலேயே தளர்வாகப் போடுவதுதான் வழி. ஆடைத்தாள் மெல்லியது, காற்றில் எரிந்தபடியே பறக்கும். மூடியுள்ள இரும்புத் தொட்டி இல்லாமல் நடைபாதையில் எரிக்கக் கூடாது. இப்போது நகராட்சிகளே வண்டி அனுப்பிக் காகிதத்தைச் சேகரித்து, எரியுலையில் ஒன்றாக எரிக்கின்றன. அப்படிக் கொடுப்பவர்கள் படையல் முடிந்த பிறகே கட்டை ஒப்படைக்க வேண்டும்.

பழங்களைப் பற்றியும் சொல்லுங்கள். வாழைப்பழம் கூடாது என்று ஒருவர், தெய்வத்துக்கு நல்லது என்று இன்னொருவர் எழுதுகிறார்கள். எது சரி?

4. ஊதுவத்தி

இரண்டும் சரி. யாருக்கு வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஹொக்கியன் உச்சரிப்பில் வாழை "ச்சியோ", பிளம்ஸ் "லீ", பேரி "லாய்". இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் "உன்னை வா என்று அழைக்கிறேன்" என்பது போல் ஒலிக்கும். அன்னாசி "ஓங்-லாய்", அதாவது "செழிப்பு வருக". தெய்வத்துக்கு வைத்தால் செழிப்பு வரும். நல்ல சகோதரர்களுக்கு வைத்தால் அவர்கள் கூட்டமாக வருவார்கள், போகவும் மாட்டார்கள். கொத்தாகத் தொங்கும் திராட்சைக்கும் அதே காரணம்: ஒருவரைப் பிடித்து ஒருவராக வருவார்கள்.

கொய்யா, தக்காளி தெய்வத்துக்கும் ஆகாது. விதை செரிக்காமல் உடலைக் கடந்து வெளியே வந்து முளைக்கும், ஆகவே சுத்தமில்லை என்பது காரணம். சீத்தாப்பழத்தின் மேல்தோல் புத்தரின் தலைமுடிச் சுருள் போல இருக்கும். தைவானில் அந்தப் பழத்தின் பெயரே "ஷி-ஜியா", சாக்கியர். அதைப் படைப்பது மரியாதைக் குறைவு.

ஆப்பிள், ஆரஞ்சு, டிராகன் பழம் வைத்தால் சிக்கல் இல்லை.

இன்னொன்று வள்ளைக்கீரை, இலங்கையில் கங்குன் என்பது. தண்டு உள்ளே குழலாக இருப்பதால் அதன் சீனப் பெயர் "வெற்று இதயக் கீரை". அதை வேகவைத்து ஒரு கிண்ணம் சாறாக வைத்தால், "சாப்பிட்டுப் போங்கள், நிறுத்தி வைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை" என்று பொருள். சில குடும்பங்கள் மாத இறுதியில் மட்டும் வைப்பார்கள். முதல் நாளே வைப்பது வந்தவரை வாசலிலேயே அனுப்புவதாகும் என்று அவர்கள் சொல்வது எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

5. தாழைமடல்

மேசை சரி. யாருக்காக இத்தனை பெரிய ஏற்பாடு என்பதையும் இழையில் சேர்க்க வேண்டும்.

சிங் அரச மரபின் ஆட்சியில் சீனாவின் பூஜியான், குவாங்தோங் கரைகளிலிருந்து தைவானுக்கு வந்தவர்கள் "கறுப்பு வாய்க்கால்" என்று அழைத்த நீரிணையைக் கடக்க வேண்டியிருந்தது. "ஆறு பேர் சாவு, மூவர் தங்கல், ஒருவர் திரும்பல்" என்பது பத்துப் பேர் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கான பழமொழி. நெடுங்காலம் குடும்பத்தை அழைத்து வரவும் தடை இருந்தது. ஆகவே வந்தவர்களில் பலர் தனி ஆண்கள். நோய், கலகம், ஊர்ச்சண்டை, கடல் இவற்றில் செத்தவனுக்குப் பிள்ளை இல்லை, பெயர் எழுதிய பலகை இல்லை, நினைவு நாள் தெரிந்தவன் இல்லை. வயலை உழும்போதும் வெள்ளம் வடிந்த பிறகும் கிடைத்த எலும்புகளைப் பானையில் சேர்த்து, ஒரு சின்னக் கூரை போட்டு வைத்தார்கள். அதுதான் யோயிங்கோங் கோயில். பார்த்தவுடன் அடையாளம் தெரியும்: தாழ்வான கட்டடம், மூன்று சுவர் மட்டும், முன்பக்கம் கதவே இல்லை, நெற்றியில் "கேட்டால் கிடைக்கும்" என்று எழுதிய சிவப்புத் துணி. தீவு முழுக்க வயலோரத்திலும் கரையோரத்திலும் இப்படி உண்டு.

வடக்கில் ஷிமென் கரையில் உள்ள பதினெட்டுப் பிரபுக்கள் கோயில் இந்த வகையில் பேர்போனது. கடலில் மாண்ட பதினேழு ஆண்களும், அவர்களைப் புதைத்த குழியில் தானும் குதித்த நாயும் சேர்ந்து பதினெட்டு. அங்கே ஊதுவத்திக்குப் பதில் சிகரெட் பற்றவைத்து வைப்பார்கள். 1980-களில் சட்டவிரோத எண் சூதாட்டம் பெருகியபோது இப்படிப்பட்ட கோயில்களில் இரவெல்லாம் எண் கேட்டுக் கூட்டம் நின்றது. எண் பொய்த்ததும் சிலைகளை உடைத்து ஆற்றில் வீசியவர்களும் உண்டு. அப்படிக் கைவிடப்பட்ட சிலைகளைச் சேர்த்து வைக்கத் தனியாக இடம் தேவைப்படும் அளவுக்கு அது போயிற்று.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். மணமாகாமல் இறந்த மகளின் பெயரைப் பிறந்த வீட்டு முன்னோர் பலகையில் சேர்ப்பதில்லை. பெண்ணின் இடம் கணவன் வீட்டுப் பலகை என்பது வழக்கு. அவள் எங்கே சாப்பிடுவாள்? அதற்காகத்தான் "கன்னியர் கோயில்கள்", அதற்காகத்தான் ஆவித் திருமணம். தெருவில் கிடக்கும் சிவப்பு உறையை எடுக்காதே என்ற எச்சரிக்கையின் வேர் இது. உள்ளே இறந்த பெண்ணின் முடி, நகம், பிறந்த நேரம் இருக்கலாம். எடுத்தவன் மாப்பிள்ளை. மறைந்து நின்று பார்த்த வீட்டார் வெளியே வந்து பேச்சைத் தொடங்குவார்கள்.

6. சர்க்கரைவள்ளி

தாழைமடல், உங்கள் பெயருக்கே ஒரு கதை இருக்கிறதே. லின்-தௌ அக்காவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

7. தாழைமடல்

விடவில்லை. தனியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

"லின்-தௌ" என்பது கடற்கரைத் தாழை. வேலியாகவும் காற்றுத் தடுப்பாகவும் தைவானின் தென்கரையில் முன்பு அடர்ந்து நின்றது. கதை தைனானில் நடக்கிறது. கணவனை இழந்த, சொத்துள்ள ஒரு பெண்ணிடம் சீனக் கரையிலிருந்து வந்த வணிகன் அன்பு காட்டி, வியாபாரத்துக்கென்று பணத்தை வாங்கிக்கொண்டு கப்பலேறி, ஊரில் வேறு திருமணம் செய்துகொள்கிறான். காத்திருந்து காத்திருந்து வறுமையில் விழுந்தவள் தாழைப் புதரில் தூக்கிட்டுக்கொள்கிறாள். அதன் பிறகு இரவில் இறைச்சிச் சோற்றுப் பொட்டலம் விற்பவனிடம் ஒரு பெண் வந்து வாங்குகிறாள். விடிந்து பார்த்தால் அவள் கொடுத்த காசு படையல் காகிதம்.

பலர் இங்கேயே கதையை நிறுத்துகிறார்கள். முக்கியமான பகுதி இதற்குப் பிறகு. ஆவியால் தனியாகக் கடலைத் தாண்ட முடியாது. குறி சொல்பவன் ஒருவனிடம் கெஞ்சி, அவன் எடுத்துச் செல்லும் குடைக்குள் ஒளிந்து நீரிணையைக் கடந்து வஞ்சகனின் வீட்டை அடைகிறாள். சொல்பவரைப் பொறுத்துப் பெயர்களும் முடிவும் மாறும். குடையும் கடலும் பெரும்பாலும் மாறாது. கறுப்பு வாய்க்காலைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். வெறும் பழிவாங்கும் கதையாக அது நிற்காது.

8. துறைமுகத்தான்

வடக்கே உள்ள துறைமுக நகரம் கீலுங்கின் படையலுக்கு வருகிறேன். ஒரு சண்டையை முடித்து வைத்த ஏற்பாடு அது.

1850-களின் தொடக்கத்தில் கீலுங்கில், பூஜியானின் சாங்சோ பகுதியிலிருந்து வந்தவர்களுக்கும் ச்சுவான்சோ பகுதியிலிருந்து வந்தவர்களுக்கும் நடந்த கைகலப்பில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றெட்டு என்று சொல்வது வழக்கு. இரு தரப்பு எலும்புகளையும் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாகப் புதைத்த இடம்தான் லாவ் தாகோங் கோயில். பிறகு ஊர்ப் பெரியவர்கள் செய்த முடிவைக் கவனியுங்கள்: படையல் செலவையும் பொறுப்பையும் குலப்பெயர் வாரியாக ஆண்டுக்கு ஒரு கூட்டம் ஏற்க வேண்டும். சாங், லின், சென், வூ என்ற குலப்பெயர்கள் இரு தரப்பிலும் உண்டு. நேற்று எதிரெதிராக நின்றவர்கள் ஒரே குலப்பெயர் சங்கத்தில் ஒன்றாக உட்கார வேண்டியதாயிற்று. 1855-இல் பதினொரு குலக் கூட்டங்களோடு தொடங்கியது, இப்போது பதினைந்து. "தலை உடைப்பதற்குப் பதில் ஊர்வலத்தில் போட்டி போடு" என்பது அந்த ஊர்ச் சொலவடை.

வரிசை இப்படி. ஏழாம் மாதம் முதல் நாள் லாவ் தாகோங் கோயிலில் எலும்பறையின் கதவைத் திறப்பார்கள். 12-ஆம் நாள் இரவு பெரிய படையல் மண்டபத்தில் விளக்கேற்றம். 13-இல் குலங்களின் படி-விளக்கு ஊர்வலம்: அரிசி நிரப்பிய மரப்படியில் கண்ணாடி, வாள், கத்தரிக்கோல், தராசு, விளக்கு வைத்துத் தூக்கி வருவார்கள். 14 இரவு நகர ஊர்வலம், அதன் பின் பாதௌசு கரையில் நீர் விளக்கு. 15 படையல். எட்டாம் மாதம் முதல் நாள் கதவு மூடல்.

நீர் விளக்கைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சின்னத் தாமரை விளக்கை மிதக்கவிடும் காட்சியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கீலுங்கில் அது மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிய வீடு. மேலே குலப்பெயர். உள்ளே வெள்ளித்தாளை அடைத்து, இரவு பதினொரு மணியை ஒட்டித் தீ வைத்து, ஆட்கள் கடலில் இறங்கித் தள்ளிவிடுவார்கள். நீரில் இறந்தவர்களுக்கு வழிகாட்டவும், அவர்கள் தங்கவும் அந்த வீடு. எந்தக் குலத்து வீடு அதிக தூரம் போகிறதோ அந்தக் குலத்துக்கு அந்த ஆண்டு நல்லது. அலை திருப்பித் தள்ளினால் கரையிலேயே எரிந்து சாய்ந்துவிடும், ஆகவே தள்ளுபவர்கள் நெஞ்சளவுத் தண்ணீர் வரை கூடவே போவார்கள்.

9. மூங்கில்கழி

நீர் விளக்கின் நிலத்து இணை விளக்குக் கழி. உச்சியில் இலை விட்ட நெடிய மூங்கிலை கோயில் முன் நட்டு, விளக்கைக் கட்டி உயர்த்துவார்கள். நிலத்தில் அலைபவர்களுக்கு அதுதான் அழைப்பிதழ். பலர் தவறாக நினைப்பது: கழி உயர உயரப் பெருமை என்று. உயரத்துக்கு ஏற்றபடி அழைப்பு தூரம் போகும். அத்தனை பேர் வருவார்கள். சோறு போதாமல் போனால் வந்தவர்கள் பசியோடு ஊருக்குள் நிற்பார்கள், அந்தப் பழி அழைத்தவர்களுக்கு. ஆகவே கழியின் உயரத்தை முடிவு செய்வதற்கு முன் அரிசியைக் கணக்கிட வேண்டும்.

வந்தவர்களைக் கட்டுப்படுத்த ஒருவர் வேண்டுமல்லவா? அவர் தாஷியே. காகிதமும் மூங்கிலும் கொண்டு செய்த பெரிய உருவம். கோர முகம், நாக்கு வெளியே, தலைமேல் கருணைத் தெய்வம் குவான்யினின் சின்ன உருவம். புத்தரின் சீடர் ஆனந்தருக்கு முன் தோன்றிய, வாயில் தீ எரியும், தொண்டை ஊசியளவான பசிப்பேயின் தலைவன் அவர் என்பது பௌத்தக் கதை. குவான்யினே எடுத்த வடிவம் என்பதும் வழக்கு. தெற்கே சியாயி மாவட்டம் மின்சியோங்கில் ஏழாம் மாதம் 21 முதல் 23 வரை இவருக்கே பெருவிழா. கடைசி இரவில் உருவத்தை எரிப்பார்கள். பலவீனமானவர்களுக்கு முன்னால் வலியவர்கள் தட்டைப் பறிக்காமல் பார்ப்பது இவர் வேலை.

பறிப்பையே சடங்காக்கியது யிலான் மாவட்டம் தௌசெங். ஏழாம் மாதக் கடைசி இரவு. கொழுப்புப் பூசிய பன்னிரண்டு உயர்ந்த மரத்தூண்கள், மேலே பலகைத் தளம், தளத்தின் மேல் கணவாய்க் கருவாடு, இறைச்சி, சோற்றுப் பொட்டலம் கட்டிய பதின்மூன்று மூங்கில் கோபுரங்கள். ஐந்து பேர் கொண்ட அணி, தூணுக்கு ஓர் அணி. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, கயிற்றைத் தூணில் சுற்றிச் சுற்றிக் கொழுப்பை வழித்துக்கொண்டே மேலேறுவார்கள். தூண் ஏறுவது எளிய பாதி. தளம் தூணைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடியிலிருந்து அந்த விளிம்பைப் பிடித்து உடலைத் தலைகீழாகப் புரட்டி மேலே போக வேண்டும். பெரும்பாலான அணிகள் அங்கேதான் கை வழுக்கி விழும், கொழுப்பு ஒட்டிய கையில் பிடிமானம் நிற்காது. மேலே போனவர் கோபுரத்தில் ஏறி உச்சிக் கொடியை அறுத்தால் வெற்றி. அந்தக் கொடியைப் படகில் கட்டினால் காற்று துணை நிற்கும் என்று மீனவர்கள் விலை கொடுத்து வாங்குவார்கள். உயிரிழப்புகளால் தடைபட்டு நின்றது, 1991-இல் மீண்டும் தொடங்கியது. இப்போது பாதுகாப்புக் கயிறும் வலையும் கட்டாயம்.

10. நிலாக்கணக்கு

ஒரு கேள்வி வரும் என்று தெரியும்: பதினைந்தாம் நாள்தான் படையல் என்றால் ஏன் சில ஊர்கள் மாதம் முழுக்கச் செய்கின்றன? முன்பு அதுதான் வழக்கம். மேற்குக் கரையின் பழைய துறைமுக ஊர் லூகாங்கில் எந்தத் தெரு எந்த நாள் என்பதற்கு ஒரு பாட்டே உண்டு. முதல் நாள் நீர் விளக்கு, ஐந்தாம் நாள் நகரக் காவல் தெய்வத்தின் கோயில், ஏழாம் நாள் ஏழு அன்னையின் பிறந்தநாள் என்று தொடங்கி, எட்டாம் மாதம் இரண்டாம் நாள் பிச்சைக்காரர் குடிசை வரை போகும். தெருத் தெருவாகப் பிரித்ததால் ஒருவர் வீட்டு விருந்துக்கு இன்னொருவர் போகலாம். ஆவிகளுக்கும் ஒரே நாளில் எல்லா மேசையும் நிறைந்து மறுநாள் பட்டினி என்ற நிலை இல்லை. பிச்சைக்காரர்களுக்குக் கடைசி நாள் என்பதைக் கவனியுங்கள். மாதம் முழுக்க ஊர் போட்டதைச் சேர்த்து வைத்து அவர்களும் படைத்தார்கள். 1950-களில் சிக்கனத்துக்காக எல்லோரும் பதினைந்திலேயே செய்யுங்கள் என்று அரசு வற்புறுத்தியது. தேதி பல ஊர்களில் ஒன்றானது. விருந்துக்குப் போய்வரும் பழக்கம் அதோடு மெலிந்தது. அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

11. சர்க்கரைவள்ளி

ஏழாம் நாள் என்றதும் தைனானைச் சொல்ல வேண்டும். மாதமே கெட்டது என்று எழுதுபவர்கள் இதைப் பார்க்கட்டும். திருமணமும் புதுமனையும் தள்ளிவைப்பார்கள்தான். ஆனால் பிள்ளைகளைக் காக்கும் ஏழு அன்னையின் நாள் இதே மாதத்தில்தான்.

தைனான் கைலோங் கோயிலில் அன்று பதினாறு வயதுச் சடங்கு. காகிதமும் மூங்கிலும் கொண்ட மாடிமண்டபத்தைப் பெற்றோர் இருபுறமும் தூக்கிப் பிடிக்க, பிள்ளை அதற்கு அடியில் மூன்று முறை குனிந்து போய் வரும். வெளியேறும்போது ஆண் இடப்பக்கம், பெண் வலப்பக்கம். பிறகு மண்டபத்தை எரிப்பார்கள். ஏன் பதினாறு? ஐந்து வாய்க்கால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சிறுவர்களுக்கு அரைக்கூலி. பதினாறு முடிந்தால் முழுக்கூலி. முழுக்கூலி வாங்கத் தகுதி வந்த நாளை வீடு கொண்டாடியது.

மேசையில் வைக்கும் பசையரிசிக் கொழுக்கட்டையின் நடுவில் கட்டைவிரலால் குழி அழுத்த வேண்டும். சீனப் பழங்கதையில் நெசவுப்பெண் ஆண்டுக்கொரு முறை இந்த நாளில் தன் இடையனைச் சந்தித்து அழும் கண்ணீரைப் பிடிக்க அந்தக் குழி. குழியில்லாத உருண்டையைக் கடையில் வாங்கி வைத்தால் அது வெறும் பலகாரம்.

அன்று மாலை கட்டில் அன்னைக்கும் படைப்பார்கள். குழந்தை படுக்கும் கட்டிலிலேயே நல்லெண்ணெய்க் கோழியும் எண்ணெய்ச் சோறும் வைத்து, ஊதுவத்தி ஏற்றிச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். நேரம் நீண்டால் பிள்ளை படுக்கையை விட்டு எழாத சோம்பேறி ஆகும் என்பார்கள். மூன்று சுற்று வத்தி என்று மேலே ஊதுவத்தி சொன்ன கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

12. துறைமுகத்தான்

ஹக்கா மொழி பேசும் மக்களின் நாளையும் சேர்க்கிறேன். சின்சூ மாவட்டம் சின்பூவில் ஏழாம் மாதம் 20-ஆம் நாள் யிமின் விழா. 1786-இல் தொடங்கிய லின் ஷுவாங்வென் கலகத்தில் ஊரைக் காத்து இறந்தவர்களை ஒன்றாக அடக்கம் செய்த இடம். பதினைந்து ஊர்க்கூட்டங்கள் முறைவைத்து நடத்துகின்றன. பெருத்த பன்றியைப் போட்டிக்கு வளர்ப்பது இங்கே பழக்கம். அசையவே முடியாத அளவுக்கு ஊட்டி வளர்ப்பதை விலங்கு நல ஆர்வலர்கள் கண்டிக்கிறார்கள். அரிசிப் பைகளை அடுக்கிச் செய்த பன்றி உருவத்தைப் படைக்கும் குடும்பங்களும் இப்போது உண்டு. விழா முடிந்ததும் அந்த அரிசி இல்லாதவர்களுக்குப் போகிறது. படையலின் நோக்கத்துக்கு அதுவே நெருக்கமானது.

13. ஊதுவத்தி

அலுவலகப் படையலுக்கு இரண்டு வரி. ஆகஸ்ட் வெயிலில் சமைத்த கோழியும் மீனும் ஒன்றரை மணி நேரம் வெளியே கிடந்தால் கெடும். ஆகவே அலுவலகங்களில் மூடிய பொட்டலங்களே அதிகம். முடிந்ததும் ஊழியர்களுக்குப் பங்கிடலாம். சமைத்தது வைத்தே ஆக வேண்டுமென்றால் கடைசியில் கொண்டுவந்து வைத்து, முடிந்தவுடன் மறுபடி நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும்.

கணினி அறையில் இயந்திரங்களின் மேல் வைக்கும் "குவாய் குவாய்" சோளப் பொரி ஏழாம் மாதத்தோடு மட்டும் சேர்ந்ததல்ல, ஆண்டு முழுக்க உண்டு. பெயரின் பொருள் "சமர்த்தாக இரு". பச்சை உறை (தேங்காய்ச் சுவை) மட்டுமே, பச்சை விளக்கு எரிய வேண்டும் என்பதால். மஞ்சளும் சிவப்பும் எச்சரிக்கை நிறம். தேதி முடிந்த பொட்டலம் காவல் காக்காது. முடிவதற்குள் மாற்ற வேண்டும். வைத்ததை எடுத்துச் சாப்பிடக் கூடாது.

14. மூங்கில்கழி

கடைசியாக, முடித்து வைப்பது. சாப்பிட்ட பிறகும் போக மனமில்லாதவர்கள் இருப்பார்கள் என்பதால் பெரிய படையல்களின் இறுதியில் பேய் விரட்டும் தெய்வமான சோங் குய்யின் வேடம் ஆடப்படும். ஆடுபவர் முகத்தில் வண்ணம் பூசி, வாளோடு வந்து, உப்பும் அரிசியும் நாலு திசையும் வீசி விரட்டுவார். வேடம் கட்டிய பிறகு அவர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஊர்க்காரர்கள் அந்த நேரத்தில் அங்கே நிற்க மாட்டார்கள், விரட்டப்பட்டது வழியில் நிற்பவர் மேல் ஏறும் என்று. படம் எடுக்க முன்னால் போய் நிற்பவர்களை நிர்வாகிகள் விலக்குவது இதனால்தான்.

15. சர்க்கரைவள்ளி

அடுத்த ஆண்டுப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கீலுங்கில் குல வரிசை இருக்கிறது. மற்றக் கோயில்களில்?

16. நிலாக்கணக்கு

பிறைக்கட்டை போட்டு. ஹொக்கியனில் "புவே". மரத்திலோ மூங்கில் வேரிலோ செய்த இரண்டு பிறை வடிவக் கட்டைகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. ஒன்று தட்டை, ஒன்று உருண்டை மேலே வந்தால் சம்மதம். இரண்டும் தட்டையாக வந்தால் தெய்வம் சிரிக்கிறது. கேள்வி தெளிவில்லை, மாற்றிக் கேள். இரண்டும் உருண்டையாக வந்தால் மறுப்பு. கேட்பவர் பெயர், பிறந்த நாள், முகவரி சொல்லி, ஆம்-இல்லை என்று பதில் வரும்படி ஒரே ஒரு விஷயத்தைக் கேட்க வேண்டும். "இதுவா அதுவா" என்று இரண்டைச் சேர்த்துக் கேட்டால் எந்தப் பதிலும் பொருந்தாது. சிரிப்புக் கட்டை தொடர்ந்து விழுகிறது என்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தவறைச் செய்திருப்பார்கள்.

பெரிய காரியத்துக்குத் தொடர்ந்து மூன்று சம்மதம் வேண்டும். ஒரு முறைக்குப் பாதி வாய்ப்பு என்றால் மூன்றுக்கு எட்டில் ஒன்று. பொறுப்பாளர் தேர்வில் ஒவ்வொரு குடும்பத் தலைவர் பெயரையும் வாசித்துக் கட்டை போடுவார்கள். யாருக்குத் தொடர்ச்சியாக அதிகச் சம்மதம் விழுகிறதோ அவர் அடுத்த ஆண்டு "சாம்பிராணிக் கிண்ணத்தின் தலைவர்". கிண்ணத்தை அவர் வீட்டுக்கு எடுத்துப் போய் ஓராண்டு வைத்திருப்பார்.

17. துறைமுகத்தான்

கீலுங்கில் பொறுப்பு குலத்திலிருந்து குலத்துக்கு மாறும். எட்டாம் மாதம் முதல் நாள் லாவ் தாகோங் கோயிலில் எலும்பறைக் கதவைப் பூட்டியதும், அந்த ஆண்டின் குலம் பொறுப்பை அடுத்த ஆண்டுக் குலத்திடம் அங்கேயே ஒப்படைத்துவிடும். 2026 கணக்கில் அது செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை.